முதலில் எங்களைச் சோதியுங்கள்

தையல் கடையில் அளவெடுக்க நிற்பது என்றால் எனக்கு இன்னும் ஆகாது. வேலந்தாவளத்தில் எனக்குச் சுடிதார் தைக்கும் அக்கா டேப்பைத் தோளில் வைத்ததும் நான் ஒதுங்குவேன். "ஏனுங்க மேடம், இத்தன வருசமா வர்றீங்க, இன்னுமா கூச்சம்?" என்று சிரிப்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அவளிடம் உண்மையைச் சொன்னால் அடுத்த தடவை எனக்குத் தைக்க மாட்டாள். என் தோளிலும் இடுப்பிலும் பின்னலுக்குள்ளும் வேறொருத்தியின் இரண்டு கைகள் இருக்கின்றன. சூரியநெல்லியில் ஒரு காலை வேளையில் என் மேல் வைக்கப்பட்ட கைகள். அவை இன்னும் இறங்கவில்லை.

பி.காம். முடித்துவிட்டு மத்திய அரசுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவள் நான். துறையின் பெயர் வேண்டாம், போதைப்பொருள் பிடிக்கிற துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த வாரம் அப்பா மாட்டுச் சந்தைக்குப் போனவர் மாட்டை விட்டுவிட்டு இதைத்தான் விற்றிருக்கிறார். "எங்க அம்மிணிக்கு சென்ட்ரல் கவர்மெண்டுங்க. கள்ளக் கடத்தக்காரனுகளப் புடிக்கற வேல" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். உண்மையில் எனக்குக் கிடைத்தது கிளார்க் வேலை. வந்த தபாலைப் பதிவது, போகிற தபாலை ஒட்டுவது, அதிகாரிகளின் பயணப்படிக் கணக்கை டைப் அடிப்பது, ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிய காகிதத்தை உருவுவது.

"துப்பாக்கி எப்பம்மிணி குடுப்பாங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஸ்டேப்ளர் குடுத்திருக்காங்கப்பா. அதுக்கே கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தாங்க."

அவர் அதைச் சந்தையில் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகம் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், கோயமுத்தூர் ரோட்டை ஒட்டிய ஒரு வாடகைக் கட்டிடத்தின் மாடியில் இருந்தது. பாரம் ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். கீழே கடையில் வடக்கத்திப் பையன்கள் ரீசார்ஜ் செய்யவும் பான் வாங்கவும் கூட்டமாக நிற்பார்கள். மேலே நாங்கள் சிலபேர். எங்களுக்குத் தலைமை ஒரு சூப்பிரண்டு, எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'. மலையாளி, நெற்றியில் சந்தனம் இல்லாமல் ஆபீஸ் வரமாட்டார், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே இரண்டு சிப்பாய்கள், ஒரு டிரைவர். எல்லாரும் ஆண்கள். மொத்த ஆபீசுக்கும் ஒரே பெண் நான்.

அதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. ஒரு பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. தபால் ஒட்டுகிறவளாக இருந்தாலும் போதும். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான். மேசையில் பாதி டைப் அடித்த கடிதம் கிடக்கும், சார் கதவருகே வந்து நிற்பார்.

"மோளே, ரெடியாயிக்கோ. ஒரு லேடி வேணம்."

முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது கீழே ரீசார்ஜ் கடைக்காரர் எழுந்து நிற்பார், அதற்காகவே மெதுவாக ஏறுவேன். பெருமை சீக்கிரம் வடிந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்தி இறக்கிய பெண்களை ரோட்டோரப் புதருக்குப் பின்னால் போர்வையைப் பிடித்துக்கொண்டு சோதித்திருக்கிறேன். ஒருத்தி அழுதுகொண்டே நின்றாள். ஒருத்தி "நீயும் ஒரு பொம்பளையா?" என்று காறித் துப்பினாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத பெண்ணிடம் "சரி, போங்க" என்று சொல்லும்போது அவள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு ஒன்று இருந்தே தொலைந்திருக்கலாம் என்று தோன்றும்.

வீட்டைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே நுழையும் முன் வாசலில் நின்று, அந்த வீட்டுக்காரரிடம் சார் சொல்வார்: நாங்கள் உங்கள் வீட்டைச் சோதிக்கப் போகிறோம், அதற்கு முன் வேண்டுமானால் நீங்கள் எங்களைச் சோதித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வைக்க நாங்கள் எதையும் கையோடு கொண்டுவரவில்லை என்று அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக இந்த ஏற்பாடு. சார் மலையாளத்தில் சொல்வார், தமிழ் வீடு என்றால் நான் தமிழில் சொல்வேன். யாரும் சோதித்ததில்லை. வாசலில் அரசாங்கமே வந்து நிற்கும்போது எவன் அதன் சட்டைப் பையில் கையை விடுவான்? எல்லோரும் "வேண்டாம் சார்" என்றுதான் சொல்வார்கள். சோதனை முடிந்ததும் அந்த இடத்திலேயே நடந்ததையெல்லாம் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் மகசரில் அந்த வரியும் இருக்கும். சாரின் லேப்டாப்பில் அது முன்கூட்டியே அடித்து வைக்கப்பட்டிருந்தது: 'சோதித்துக்கொள்ளும்படி கூறியும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.' அடித்து வைத்தவளே நான்தான்.

சூரியநெல்லிக்கு நாங்கள் போனது ஒரு தகவலை நம்பி. ஒரு லயத்தில் கஞ்சாவிலிருந்து எடுக்கும் ஹஷீஷ் எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சாருக்குச் சொல்லியிருந்தார்கள். லயம் என்றால் எஸ்டேட் கொடுத்த வரிசை வீடு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். முந்தின நாளே மூணாறில் தங்கிவிட்டு, காலையில் கொழுந்து எடுக்க ஆட்கள் கிளம்பும் முன் போய் இறங்கினோம். மூடுபனி இறங்கியிருந்தது. ஜீப்பின் விளக்கை அணைத்தபிறகு லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பது சத்தத்தில்தான் தெரிந்தது. எஸ்டேட் வாட்ச்மேனையும் டீக்கடைக்காரரையும் சாட்சியாக அழைத்துக்கொண்டு நடந்தோம்.

அந்த வீட்டில் இருந்தவள் ஒரு பெண் மட்டும். கொழுந்து எடுக்கும் வேலை, நாற்பதைத் தாண்டியவள், புருஷன் செத்துப்போய்விட்டான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அன்றைக்குப் பரீட்சை என்று விடிவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்தது, தலையில் துண்டு கட்டி, செடியின் ஈரம் படாமல் இடுப்பில் படுதா சுற்றி, வேலைக்குக் கிளம்பி நின்ற ஒருத்தி. சார் வழக்கம்போலச் சொன்னார். நான் வழக்கம்போலத் தமிழில் சொன்னேன்.

"உங்க ஊட்ட நாங்க சோதிக்கோணுங்க. அதுக்கு மிந்தி, நீங்க வேணும்னா எங்களச் சோதிச்சுப் பாத்துக்கலாமுங்க."

"நெசமாவா?" என்றாள்.

"நெசந்தானுங்க."

"பக்கத்து டிவிசன்ல இப்பிடித்தேன் வந்து, அவுகளே கொண்டாந்து வச்சிட்டு அவுகளே எடுத்தாகன்னு சொல்றாக. நான் பாக்கணும்."

எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு முகம் மாறவில்லை. சட்டப்படி அவளுக்கு உரிமை உண்டு, அவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். சிப்பாய்களும் டிரைவரும் அப்படியே நின்றார்கள், சிலுவையில் அறைய நிற்பதுபோல வரிசையாக. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அய்ய, ஆம்பளைக மேல நான் எப்பிடிக் கை வைக்கிறது? இந்தப் புள்ளயப் பாக்கேன், போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேன் சிரித்தார், டீக்கடைக்காரர் சிரித்தார், கைகளை இறக்கியபடி சார்கூடச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். எங்கள் ஊரிலும் ஒரு பெண் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு தப்பும் எனக்கு அப்போது தெரியவில்லை.

அவள் என்னை உள்ளே அடுப்படிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சோதிக்க ஆரம்பித்தாள். நான் எத்தனையோ பெண்களைச் சோதித்திருக்கிறேன், அப்படி ஒழுங்காக ஒருத்தியையும் சோதித்ததில்லை. பையைக் கவிழ்த்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலை விட்டாள். துப்பட்டாவை உதறினாள். பேன் பார்க்கிறவள் மாதிரி பின்னலைப் பிரித்து விரலால் கோதினாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்ப்பு ஏறிய விரல்கள், கறை படிந்து கறுத்தவை. அவை தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து பேன்ட்டின் மடிப்புக்கு இறங்கின. என் உடம்பு சுருங்கியது. இத்தனை நாள் மற்றவர்களுக்கு நான் செய்தது இதுதான் என்று முதல்முறையாக என் தோலுக்கே தெரிந்தது. பைக்குள் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த நாப்கினைத் தொட்டதும் அவள் கூசிப்போய் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

"கோவிச்சுக்காத தாயி. இது வேலைக்குக் குடுத்த வீடு. ஏதாச்சும் ஒன்னு ஆயிப்போச்சுன்னா வேலையும் போகும், வீடும் போகும். எம்மக காலேஜு போகணும்னு நிக்கிறா. அவள வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

"கோவமெல்லாம் இல்லீங்க்கா" என்றேன்.

"ஒன்கிட்ட ஒன்னுமில்ல. இனி நீ என்னயப் பாரு" என்று தானே கையைத் தூக்கி நின்றாள். அவளிடமும் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, நிமிர்ந்து நின்று, "இப்பப் போயிப் பாத்துக்கங்கய்யா" என்று சொன்னாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் நன்றாகப் பார்த்தேன். தீர விசாரித்துவிட்டுப் பெண் கொடுத்தவளின் நிம்மதி. எனக்கும் ஒரு டம்ளர் பால் இல்லாத கட்டன் சாயா ஊற்றித் தந்தாள், நாங்கள் இருவரும் வாசலில் நின்று குடித்தோம். ஆண்கள் உள்ளே போனார்கள், சாட்சிகள் கதவருகே நின்றார்கள்.

அடுப்படிக்கு மேலே விறகு அடுக்கிய பரணிலிருந்து பாலிதீனில் சுற்றிய ஒரு பொட்டலத்தை ஒரு சிப்பாய் இறக்கினான்.

அவள் கத்தவில்லை. "அது எங்க வீட்டுதில்ல" என்று ஒருதரம் சொன்னாள். முதலில் என்னைப் பார்த்தாள். தன் கை போன இடமெல்லாம் ஒருதரம் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு என்னை விட்டுவிட்டு ஆண்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராக, அவர்கள் கைகளை. நானும் பார்த்தேன். சிப்பாய்கள் இரண்டுபேரும் குளிருக்கு ஜெர்கின் போட்டிருந்தார்கள். டிரைவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது, அதில் லேப்டாப்பும் பிரிண்டரும். சார் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். மூணாறு குளிருக்கு எவன்தான் போடமாட்டான்?

மகசர் டைப் அடிக்கும்போது முன்கூட்டியே இருந்த அந்த வரியை நான் அழித்தேன். எதிரி, அதாவது அவள், சோதித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை என்று புதிதாக அடிக்கச் சொன்னார் சார். நான் 'பெண் ஊழியரை' என்று சேர்த்து, பெண் ஊழியரைச் சோதித்தார் என்று அடித்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் அடிமாலியில் புரோட்டா சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. புரோட்டாவைப் பிய்க்கும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எந்தக் கை? ஒரு கையும் இல்லாமலும் இருக்கலாம். அவள் நாடகம் ஆடியிருக்கலாம், அவளுக்கே தெரியாமல் சொந்தக்காரன் எவனாவது பரணில் சொருகிவிட்டுப் போயிருக்கலாம். லயத்து வீட்டில் பரணுக்கும் பரணுக்கும் நடுவே ஒரு தகரம்தான், பக்கத்து வீட்டிலிருந்தும் நீட்டியிருக்கலாம். இப்படி எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். யோசிக்க யோசிக்க அந்த வீட்டுக்குள் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். சார் தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் வைத்து, "கழிக்கு மோளே, ஷீணம் காணும்" என்றார், சாப்பிடு மகளே, களைப்பாயிருக்கும் என்று. சொந்த மகளுக்கு வைப்பதுபோலத்தான் வைத்தார். அதுவும் சேர்ந்து என்னைப் போட்டு வதைத்தது.

அந்தக் கைகள் என்னோடு கஞ்சிக்கோட்டுக்கு வந்துவிட்டன. வேலந்தாவளத்து வீட்டுக்கும் வந்தன. அம்மா பூ வைத்துவிட என் பின்னலைத் தொட்டால் நான் திடுக்கிட்டுத் திரும்புவேன். "ஏம்மிணி, பேய் புடிச்ச மாதர முளிக்கற?" என்பாள். அப்பாவோ சந்தையில் என் புகழை முன்னைவிட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். பேப்பரில் செய்தி வந்திருந்தது, அதில் என் பெயர் இல்லாதது மட்டும்தான் அவருக்குக் குறை. கனவில் அவள் என்னைச் சோதித்துக்கொண்டே இருப்பாள். சில நாள் ஒன்றும் கிடைக்காது. சில நாள் என் துப்பட்டா முடிச்சிலிருந்தே அந்தப் பொட்டலத்தை எடுப்பாள், எடுத்துவிட்டு, நாப்கினைத் திருப்பித் தந்த மாதிரி கூசிப்போய் என்னிடமே திருப்பித் தருவாள். விழித்ததும் தலைமாட்டில் கிடக்கும் துப்பட்டாவை உதறிப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், இப்போதும் பார்ப்பேன்.

வழக்கு வந்தது. அவளுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் இளைஞர், கையில் வேறு பத்து வழக்கின் கட்டோடு ஓடிவந்தார். சாட்சிக் கூண்டில் ஏறும்போது எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டும். கேட்கவும் செய்தார், நல்ல மனுஷர்.

"எதிரி உங்களைச் சோதித்தாரா?"

"சோதித்தார்."

"மற்றவர்களை?"

"இல்லை. அவர்கள் ஆண்கள் என்பதால் சோதிக்கவில்லை. என்னை மட்டும்தான்."

சொல்லிவிட்டேன் என்று எனக்கு மூச்சு வந்தது. அரசு வக்கீல் எழுந்தார். அவரும் நல்ல மனுஷர்தான், குரலே உயர்த்தவில்லை.

"மற்றவர்களும் சோதனைக்குத் தயாராக நின்றார்களா?"

"நின்றார்கள்."

"எதிரியை யாராவது தடுத்தார்களா?"

"தடுக்கவில்லை."

அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேறொரு நாள் அவளிடமே ஜட்ஜ் கேட்டார், ஏன் அவர்களைச் சோதிக்கவில்லை என்று. "ஆம்பளைகள எப்பிடிய்யா தொட்டுத் தேடுறது?" என்றாள். மலையாளத்தில் மொழிபெயர்த்ததும் கோர்ட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரிந்தது. எனக்கு எழுந்து அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது. அறைவதென்றால் என்னிலிருந்து தொடங்க வேண்டும்.

தீர்ப்பில் அதுதான் வந்தது. சோதிக்க முழு வாய்ப்பும் தரப்பட்டது, எதிரி அதைப் பயன்படுத்தவும் செய்தார், வந்தவர்களிடம் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆகவே கொண்டுவந்து வைத்தார்கள் என்ற வாதம் நிற்காது, எதிரி குற்றவாளி. பேசாமல் "வேண்டாம் சார்" என்று சொல்லியிருந்தால்கூட, கேட்டதே பேருக்குத்தான் என்று அவள் வக்கீலுக்குப் பிடித்துத் தொங்க ஒரு கொம்பு இருந்திருக்கும். எங்கள் வார்த்தையை நம்பிச் சோதித்த ஒரே ஆள் அவள், அதனாலேயே அவள் கதை முடிந்தது. என் மேல் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று. எஸ்டேட் எப்போதோ வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. மகள் போடியில் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்று வாட்ச்மேன் சொன்னார். காலேஜ் பற்றி நான் கேட்கவில்லை.

தீர்ப்பு முடிந்து வெளியே வராந்தாவில் பெண் போலீஸ்காரர்கள் அவளை அழைத்துவந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் பார்த்துவிட்டாள். நின்றாள். போலீஸ்காரி கையை இழுத்தும் நகரவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

"மன்னிச்சுக்க தாயி" என்றாள். "அன்னைக்கு ஒன்னயப் போயிச் சந்தேகப்பட்டுச் சோதிச்சுப்புட்டேன். நீ சுத்தமான புள்ள. ஒன்ன விட்டுட்டு மத்தவுகளப் பாத்துருக்கணும்."

அவள் கண் என்னைத் தாண்டிப் போனது. முற்றத்தில் சாரும் சிப்பாய்களும் டிரைவரும் ஜீப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போகிற வரைக்கும் அவள் பார்த்தாள். பிறகு போலீஸ்காரியோடு போய்விட்டாள்.

"வா மோளே, வைகும்" என்று, நேரமாவதைச் சொல்லிச் சார் கூப்பிட்டார். சிப்பாய்கள் தள்ளி உட்கார்ந்து நடுவில் எனக்கு இடம் விட்டார்கள். நான் போய் ஏறிக்கொண்டேன்.